கைகள் பேசிய தீவு

கேள்வியின் சிறப்பைத் திருவள்ளுவர் தனி அதிகாரம் வகுத்து உரைத்தார். அக்கேள்விக்கு வாயிலாக அமைவது செவி. அவ்வாயில் பிறப்பிலேயே அடைபட்டோர் பலர். எனினும், அக்குறை அவர்தம் வாழ்வைச் சுருக்குவதும் சுருக்காமையும் சுற்றியிருப்போர் ஒழுகும் முறையைப் பொறுத்தனவாகும். இவ்வுண்மையை ஒரு சிறு தீவின் வரலாறு விளக்குகின்றது.

அமெரிக்க நாட்டில், மாசசூசெட்ஸ் மாநிலக் கரையையடுத்து மார்த்தாஸ் வைன்யார்டு என்னும் தீவு உளது. 1694 ஆம் ஆண்டில் ஜொனாதன் லாம்பர்ட் என்பார் அங்குக் குடியேறினார். அவர் செவிப்புலன் இலர். அவர்தம் மக்கள் எழுவருள் இருவரும் அவ்வாறே பிறந்தனர். கடல் சூழ்ந்த அத்தீவில் உறவினருக்குள்ளேயே திருமணங்கள் நிகழ்ந்தன. நாளடைவில் அக்குறையுடையோர் தொகை பெருகிற்று. 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 5,700 பேருக்கு ஒருவரே செவிப்புலன் இன்றி இருந்தனர். இத்தீவிலோ 155 பேருக்கு ஒருவர். சில்மார்க்கு என்னும் ஊரில் 25 பேருக்கு ஒருவர்!

நன்கு கேட்கும் பெற்றோர்க்கும் கேளாத மகவு பிறந்தது ஏன்? தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880களில் இத்தீவின் குடிவழிகளை ஆராய்ந்தார். விடை காணாது திகைத்தார். விடைக்குரிய விதிகளை மெண்டல் என்னும் துறவி, பட்டாணிச் செடிகளை ஆய்ந்து 1866 இலேயே வெளியிட்டிருந்தார். ஆயினும், உலகம் அவற்றின் அருமையை 1900 ஆம் ஆண்டிலேதான் உணர்ந்தது.

மரபணுக்கள் தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக இணையிணையாய் வருவன. இணையில் ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று கடமையைச் செய்யும்; செவி கேட்கும். பழுதோ நீறு பூத்த நெருப்பெனத் தலைமுறை தலைமுறையாய் மறைந்திருக்கும். இதனை ஒடுங்கு பண்பு என்பர். பெற்றோர் இருவரும் அப்பழுதை மறைவாகக் கொண்டிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் செவிப்புலன் இல்லாமற்போக நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவினர் மணந்தால், இருவரிடமும் ஒரே பழுது அமைதல் எளிது.

சில்மார்க்கு மக்கள் இக்காரணத்தை அறியார். ஆனால், செய்யத்தக்கதை அறிந்திருந்தனர். செவி கேட்போரும் இளமையிலேயே கைச்சைகை மொழியைக் கற்றனர். மீனவர் படகுக்குப் படகு கைகளாற் பேசினர். கேளாதோர் உழுதனர், மீன் பிடித்தனர், செவியுடையோரை மணந்தனர், ஊர்ப் பொறுப்புகளையும் ஏற்றனர். எவரும் அவர்களை ஒதுக்கிலர்.

பின்னர் வெளியூர் மணங்கள் பெருகவே, அக்குறை அருகியது. அம்மரபில் வந்த இறுதியானவர் 1952 இல் மறைந்தார். குறையின் காரணத்தை அறிவியல் பின்னரே விளக்கிற்று. குறையுடையாரோடு கூடி வாழும் நெறியை அத்தீவினர் முன்னரே கண்டிருந்தனர்.