நீர்மூழ்கி மாதிரியின் அடிப்பாகத்துக்குப் பழமை ஏற்றும்போது

ரெவெல் நிறுவனத்தின் 1/72 அளவு ‘டைப் 7சி’ ஜெர்மன் நீர்மூழ்கியைக் கட்டி முடித்தால் சுமார் 93 செ.மீ. நீளம் வரும். தாங்கியில் நிறுத்தியதும் கண்ணில் படுவதில் பாதி அதன் அடிப்பாகம்தான். துருவோ பாசியோ, எதைப் பூசினாலும் அது அங்கே வரக் கடல்நீரில் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• படகின் நிலையை முதலில் முடிவுசெய்யுங்கள். லோரியான், சான் நசேர் துறைமுகங்களின் கான்கிரீட் கூடங்களில் பழுதுபார்த்துப் புதுப் பூச்சுடன் கிளம்பும் படகா, பல வாரம் அட்லாண்டிக்கில் அலைந்து திரும்பிய படகா? இரண்டையும் கலந்தால் எதுவும் நம்பும்படி இருக்காது.

• அதிக உழைப்பை நீர்மட்டக் கோட்டுக்குக் கொடுங்கள். இந்தப் படகுகள் பெரும்பாலும் கடலின் மேல்பரப்பில்தான் ஓடின. தாக்கவும் தப்பவுமே மூழ்கின. காற்றும் உப்புநீரும் மாறி மாறிப் படும் அந்தப் பட்டையில்தான் துரு வேகமாகப் பிடிக்கும். வெயில் எட்டுவதால் பச்சைப் பாசியும் அங்கேதான் செழிக்கும். கீழே இறங்க இறங்கப் பச்சையைக் குறைத்து, மங்கிய பழுப்புக்கும் சாம்பலுக்கும் போங்கள்.

• படகு மேலே எழும்போது பக்கவாட்டுத் துளைகள் வழியே நீர் கொட்டும். அந்த நீர் விட்டுச்செல்லும் துருக்கோடுகளை ஒவ்வொரு துளையின் கீழும் வெவ்வேறு நீளத்தில் இழுத்து, நீர்மட்டத்தோடு நிறுத்துங்கள்.

• அடர்சாம்பல் அடிவண்ணத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, ஆயில் பெயிண்டைச் சிறு புள்ளிகளாக வையுங்கள். டர்பென்டைனில் லேசாக நனைத்த தட்டைத் தூரிகையால் கரைத்து இழுங்கள். கடைசியில் மங்கல் வார்னிஷ்.

• அடிக்கட்டையில் சில இடங்களில் பழைய வண்ணத்தை விட்டுவையுங்கள். உலர்துறையில் கப்பலைத் தாங்கும் கட்டைகள் மறைத்த இடத்தில் புதுப் பூச்சு ஏறாது. இதைச் செய்பவர் குறைவு. செய்தால் மாதிரியின் மதிப்பே உயர்ந்துவிடும்.

செய்யக்கூடாதவை

• நீர்மட்டத்துக்குக் கீழே செங்குத்தான துருக்கோடு வேண்டாம். துருநீர் வழிவது காற்றில்தான். நீருக்குள் ஓட்டம் முன்னிருந்து பின்னால் போகிறது.

• அருங்காட்சியகப் படகின் நிறத்தைப் பார்த்துப் பூசாதீர்கள். லபோ கடற்கரையில் 1972 முதல் நிற்கும் யூ-995ஆனாலும், விசாகப்பட்டினத்தில் 2002 முதல் நிற்கும் குர்சுராவானாலும், வடிவத்தைப் படிக்கலாம். நிறமும் துருவும் கரையில் நின்ற காலத்தின் வேலை.

• அளவை மறக்காதீர்கள். இந்த மாதிரியில் 1 மி.மீ. புள்ளி என்றால் உண்மையில் 7 செ.மீ.க்கு மேல். மணலைத் தூவிக் கொட்டலசு என்றால் அவை தேங்காய்போலத் தெரியும்.

• உடல் முழுக்கப் பாசி படரவிடாதீர்கள். அடிப்பாகப் பூச்சில் உயிர்களைத் தடுக்கும் நச்சுச் சரக்கு இருந்தது. அது தேய்ந்த இடத்தில்தான் வளர்ச்சி தொடங்கும்.

• ஆணித்தலை வரிசை சேர்க்காதீர்கள். டைப் 7சி-யின் உடல் வெல்டிங்கால் இணைக்கப்பட்டது.

• சுழலிக்குத் தங்க வண்ணம் அடிக்காதீர்கள். கடலில் ஓடிய வெண்கலம் கருத்திருக்கும்.

• மூடிய அறையில் டர்பென்டைனைத் திறக்காதீர்கள். வண்ணப் பொடி தூவும்போது முகக்கவசம் கட்டாயம்; வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த அறைக்குள் விடாதீர்கள்.