நடுச்செவிச் சீழும் உட்செவியும்

செவியின் அமைப்பைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மாணவர் எவரேனும் ஒருவர் என்னிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு. "ஐயா, சிறு வயதில் எனக்குக் காதில் சீழ் வடிந்தது. இப்போது நின்றுவிட்டது. இனிப் பயமில்லை அல்லவா?" பாடநூற் படத்தில் புறச்செவி, நடுச்செவி, உட்செவி மூன்றும் தனித்தனி அறைகளாகத் தெரிவதால், நடு அறையில் நேர்ந்த கேடு அங்கேயே முடிந்துவிடும் என்று எண்ணத் தோன்றுகிறது. அவ்வறைகளுக்கு இடையிலுள்ள சுவரை நன்கு கவனித்தால் அவ்வாறு எண்ணமாட்டோம்.

நடுச்செவி காற்று நிறைந்த சிற்றறை. யூஸ்டேசியன் குழல் அதனைத் தொண்டையோடு இணைக்கிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடிக்கும்போது கிருமிகள் எளிதில் ஏறிவிடுகின்றன. சீழ் கோத்துச் செவிப்பறை கிழிகிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் எலும்புகளும் அரிக்கப்படலாம். ஒலி உள்ளே செல்வது தடைப்படுவதால் ஏற்படும் இக்குறையை அறுவை மருத்துவத்தால் பெரும்பாலும் சீராக்கலாம். இதுவரை மாணவர் அறிந்ததே.

நான் வற்புறுத்த விரும்புவது நடுச்செவியின் உட்சுவரிலுள்ள வட்டச் சாளரத்தை. மேலேயுள்ள நீள்வட்டச் சாளரத்தை அங்கவடி எலும்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. வட்டச் சாளரத்துக்கோ ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் தடிப்புள்ள சவ்வு ஒன்றே காவல். அப்பால் காக்லியா என்னும் நத்தைச்சுருளின் திரவம். திரவத்தை அமுக்க முடியாது. ஆகவே அங்கவடி உள்ளே தள்ளும்போது இச்சவ்வு வெளியே புடைத்து இடங்கொடுக்கிறது. கேட்பதற்கு இன்றியமையாத இந்த மென்மையே ஆபத்துக்கும் வழியாகிறது. கிருமிகளின் நச்சுப் பொருள்கள் இதன் வழியே கசிந்து உட்செவியை அடையக்கூடும்.

கசிந்தவை முதலில் சேர்வது நத்தைச்சுருளின் அடிப்பகுதியில். உச்ச ஒலிகள் அடிப்பகுதியையும் தாழ்ந்த ஒலிகள் நுனிப்பகுதியையும் மிகுதியாக அதிரச் செய்கின்றன என்பதை விளக்கியவர் ஹங்கேரியில் பிறந்த பெக்கெஷி. 1961இல் நோபல் பரிசு பெற்றவர். ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்களே உள்ளன. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அடிப்பகுதிச் செல்கள் முதலில் கெடுவதால், உச்ச ஒலிகள் முதலில் மறைகின்றன. உயிரெழுத்துகளின் ஓசை கேட்கும். சகரத்தின் சீறல் கேட்காது. 'பசி' என்றாலும் 'பதி' என்றாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒலி காதில் விழுகிறது, சொல் பிடிபடுவதில்லை! இத்தகைய மாணவனைக் கவனமற்றவன் என்று வகுப்பில் முத்திரை குத்திவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

எல்லாருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. நாட்பட்ட அழற்சியில் அச்சவ்வே தடித்து ஓரளவு காப்பும் அளிக்கிறது.

உட்செவியில் கேட்கும் உறுப்போடு சமநிலை உறுப்பும் இருப்பதை மறக்கலாகாது. கிடைமட்ட அரைவட்டக் கால்வாய் நடுச்செவியின் சுவரை ஒட்டியே செல்கிறது. எவ்வளவு அருகில் என்பதற்கு ஒரு சான்று: வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவும்போது, நீர் குளிர்ந்திருந்தாலும் மிகச் சூடாயிருந்தாலும் அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். வெப்பமாற்றம் சுவரைக் கடந்து கால்வாயின் திரவத்தை அசைக்கிறது! 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டபோது, பாவம், அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். கொலஸ்டியட்டோமா என்னும் தோல் வளர்ச்சி நடுச்செவியில் தோன்றினால் இச்சுவரையே அரித்துத் துளையிடும். அப்போது காதை அழுத்தினாலே தலை சுற்றும். சீழ் அத்துளை வழியே உட்புகுந்தால் அந்தக் காது முற்றிலும் செவிடாகலாம். மூளையுறைக்கும் நோய் பரவலாம். சீழ் வடியும் காதோடு தலைசுற்றலும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

வீடுகளில் பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பறையில் துளை இருந்தால் அது நேரே நடுச்செவிக்குள் இறங்கும். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகளும் துளை வழியே வட்டச் சாளரத்தை அடைந்து மயிர்ச் செல்களைக் கெடுக்கக்கூடியவை. எனவே துளையுள்ள காதுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றையே மருத்துவர்கள் விரும்பித் தருகின்றனர். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது தகாது.

ஆர்வமுள்ள மாணவர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றை இரவல் கேட்கலாம். அதிரும் கவையின் அடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்து, ஒலி ஓய்ந்ததும் கிளைகளைக் காதருகே கொணர்க. மீண்டும் கேட்டால் காற்றுவழிக் கடத்தல் நன்று. கேட்காவிட்டால் தடை நடுச்செவியில். காது மந்தமாக இருந்தும் காற்றுவழியே நன்கு கேட்குமானால் குறை உட்செவியில் என ஐயுறலாம். இது தோராயமான சோதனையே. வினாக் கேட்ட மாணவரிடம், ஒலிப்புகா அறையில் 8,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் ஒருமுறை எடுத்துவரச் சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.