யுரேனஸ் பார்க்க ஒரு பாய், ஒரு நோட்டு, ஒரு பைனாகுலர்

வியாழனையும் சனியையும் பார்த்துப் பழகியவர்கள், அடுத்து யுரேனஸைத் தேடும்போதுதான் திணறுகிறார்கள். அதன் பிரகாச அளவு 5.6, 5.7 என்று இருக்கும். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையே 6தான். பைனாகுலரில் பிடித்துவிட்டாலும், அக்கம்பக்கத்து நட்சத்திரங்களில் ஒன்றுபோலவே தெரியும். அதைக் காட்டிக்கொடுப்பது அதன் நகர்வு. வாணியம்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பல குளிர்காலங்களாகப் பார்த்து நான் கற்றது இதுதான்.

முதலில் காலம். இப்போதைய ஆண்டுகளில் யுரேனஸ் பூமிக்கு மிக அருகில் வருவது நவம்பர் பிற்பாதியில். நமக்கு அது மழைக்காலம். கவலை வேண்டாம், அருகில் என்றாலும் தொலைவு 270 கோடி கிலோமீட்டருக்கு மேல். சில வாரங்கள் தள்ளிப் பார்த்தால் பிரகாசத்தில் வித்தியாசமே தெரியாது. டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் வரை, நிலவில்லாத மாலைகளை ஒதுக்குங்கள்.

அடுத்து இடம். இது நல்ல வாய்ப்பான நேரம். 2026 கடைசியில் யுரேனஸ் கார்த்திகைக் கூட்டத்துக்கும் சிவந்த ரோகிணிக்கும் நடுவே இருக்கும். கார்த்திகையிலிருந்து ரோகிணியை நோக்கிப் போனால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரம். சரியான புள்ளி எது என்பதற்கு ஸ்டெல்லேரியம் செயலியில் அன்றைய படத்தைப் பார்த்து, பக்கத்து நட்சத்திரங்களின் அமைப்பை மனதில் பதித்துக்கொண்டு மாடி ஏறுங்கள். ஏறியபின் செல்போன் வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். ஒரு முறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

ஜனவரியில் இரவு எட்டு மணி வாக்கில் அது நமக்கு உச்சிக்கு மிக அருகில் இருக்கும். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், கை ஆடும். பாய் விரித்து மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும். கை ஆட்டம் நின்றதுமே மங்கலான நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும்.

இனிதான் முக்கிய வேலை. நோட்டில் டம்ளரைக் கவிழ்த்து ஒரு வட்டம் போடுங்கள். பைனாகுலரில் தெரிவதைப் புள்ளிகளாக வையுங்கள். தேதி, நேரம் எழுதுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டால் கண் கூசாது. ஒரு வாரம் கழித்துப் புது வட்டத்தில் மறுபடி வரையுங்கள். டிசம்பரில் வாரத்துக்கு ஏறத்தாழ நிலவின் பாதி அகலம் மேற்கே நகரும். பிப்ரவரி முற்பாதியில் நின்றுவிட்டதுபோல் இருக்கும். பிறகு கிழக்கே திரும்பும். ஆகவே பிப்ரவரியில் மட்டும் வரைந்துவிட்டு நகரவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள்.

நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உள்ள தொலைநோக்கி கிடைத்தால் 150 மடங்கு வைத்துப் பாருங்கள். நட்சத்திரங்கள் புள்ளியாகவே நிற்க, இது மட்டும் வெளிறிய நீலப்பச்சைத் தட்டாகத் தெரியும். அதன் வளிமண்டலத்து மீத்தேன் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் வரும் நிறம் அது. வளையங்கள் இதில் தெரியாது. அவை இருப்பதே 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதுதான் தெரியவந்தது. அமெரிக்கர்கள் பறக்கும் ஆய்வகத்திலிருந்து பதிவு செய்தார்கள். அதே இரவில் எங்கள் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில், ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே மங்கியதைப் பதிவு செய்தார்கள். பதிவு இருந்ததால்தான் பிறகு பொருள் புரிந்தது.

பதிவை ஒப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் யுரேனஸே சாட்சி. 1690 டிசம்பரில் இங்கிலாந்தின் ஜான் பிளாம்ஸ்டீட் அதைப் பார்த்தார். ரிஷபத்தின் 34ஆவது நட்சத்திரமாக அது பட்டியலில் ஏறிவிட்டது. 1781 மார்ச் 13 அன்று பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் பார்த்தபோது வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். ஆனால் நான்கு நாள் கழித்து மறுபடி பார்த்தார். அது இடம் மாறியிருந்தது. கோளாக அறியப்பட்டதற்குத் தொடக்கம் அந்த இரண்டாம் பார்வைதான்.

யுரேனஸ் சூரியனைச் சுற்ற 84 ஆண்டுகள். 1690க்குப் பின் நான்கு சுற்று முடித்து, 2026 டிசம்பரில் பிளாம்ஸ்டீட் பார்த்த அதே பகுதிக்கு வருகிறது. முதல் இரவில் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், அடுத்த வாரமும் நோட்டோடு மாடி ஏறுங்கள்.