நீரைப் பிரிக்கும் மின்வாய்கள்

முன்னுரை

நிலக்கரியும் பெட்ரோலியமும் தோண்டத் தோண்டக் குறைவன. எரித்தால் கரியமில வாயுவைத் தருவன. ஹைட்ரஜனை எரித்தாலோ நீராவியே உண்டாகிறது. சூரிய ஒளி, காற்று ஆகியவற்றால் பெறும் மின்சாரத்தைக் கொண்டு நீரிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனைப் 'பசுமை ஹைட்ரஜன்' என்பர்.

வரலாறு

1800-ஆம் ஆண்டில், வோல்ட்டாவின் மின்கலம் பற்றிய செய்தி எட்டியதும், லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் மின்சாரத்தால் நீரைப் பிரித்துக் காட்டினர். நம் நாட்டில், பஞ்சாபிலுள்ள நங்கலில் 1961-இல் தொடங்கிய உரத் தொழிற்சாலை, பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து உரம் செய்தது. ஆயினும் இயற்கை வாயுவிலிருந்து எடுப்பது மலிவாக இருந்ததால், உலகில் அம்முறையே பெருகியது.

மின்சாரம் வீணாவது ஏன்?

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஆய்வகத்தில் நீரை மின்னாற்பகுத்தபோது, எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும், நேர்மின்வாயில் அதில் பாதியளவு ஆக்சிஜனும் சேர்ந்தன. நீரைப் பிரிக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். தொழிற்சாலைகளிலோ 1.8 முதல் 2 வோல்ட் வரை செலவாகிறது. இதற்குக் காரணங்கள் மூன்று:

1. ஆக்சிஜன் உண்டாகும் வினை மெதுவானது. ஒரு மூலக்கூறு உண்டாக நான்கு எலக்ட்ரான்கள் இடம் மாற வேண்டும்.
2. வாயுக் குமிழிகள் மின்வாயில் ஒட்டிக்கொண்டு, நீரை அண்டவிடாமல் தடுக்கின்றன.
3. மின்வாய்களுக்கு இடையிலுள்ள கரைசல் மின்னோட்டத்தைத் தடுக்கிறது.

சீர்திருத்தும் வழிகள்

பிளாட்டினமும் இரிடியமும் சிறந்த வினையூக்கிகளே. ஆனால் கிடைத்தற்கு அரியவை. காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் மலிவான நிக்கலே நன்கு உழைக்கிறது. நிக்கல்-அலுமினியக் கலவையைக் காஸ்டிக் சோடாவில் இட்டால் அலுமினியம் கரைந்துபோகும். எஞ்சும் நிக்கல் கடற்பஞ்சுபோல் நுண்துளைகளோடு இருக்கும். இதனால் வினை நிகழும் பரப்பு பன்மடங்காகிறது. நேர்மின்வாயின் நிக்கலில் சிறிது இரும்பு சேர்ந்தால் ஆக்சிஜன் எளிதில் வெளிப்படுகிறது. மின்வாயை வலைபோல் அமைத்தால் குமிழிகள் விரைவில் நீங்கும். இரு மின்வாய்களையும், இடையிலுள்ள மெல்லிய தடுப்பை ஒட்டி வைத்தால் மின்தடை குறையும்.

ஒரு கணக்கு

பாரடேயின் விதிப்படி, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வோல்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ 26.6 யூனிட் மின்சாரம் செலவாகும். 2 வோல்ட்டில் 53 யூனிட்; 1.8 வோல்ட்டில் 48 யூனிட். ஆகவே கிலோவுக்கு 5 யூனிட் மிச்சம்!

முடிவுரை

2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்பது 2023-இல் இந்திய அரசு வகுத்த இலக்கு. தோழியரே, பெருக்கிப் பாருங்கள்! கிலோவுக்கு 5 யூனிட் வீதம் மிச்சமாவது ஆண்டுக்கு 2,500 கோடி யூனிட். சிறு குமிழியையும் கூர்ந்து நோக்கும் கண்கள் நம் பள்ளியிலும் உருவாகட்டும்!