மைதானத்தில் தொலையும் சிரிப்பு

கேள்வி: டிவியில் வயிறு குலுங்க வைக்கும் தமிழக நகைச்சுவைக் கலைஞர்கள் யாழ்ப்பாண மேடைக்கு வந்தால் மட்டும் ஏமாற்றமே மிஞ்சுவது ஏன்?

பதில்: கலைஞரைக் குறை சொல்லுமுன் இடத்தைப் பார்க்க வேண்டும். 2024 பெப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. தமன்னா முதலான திரை நட்சத்திரங்களோடு டிவி நகைச்சுவைக் கலைஞர்களும் வந்திருந்தார்கள். இலவசப் பகுதியில் நின்ற கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு கட்டணப் பகுதிக்குள் புகுந்தது. நிகழ்ச்சி சிறிது நேரம் நின்றே போனது. காசு கொடுத்து வந்து இடத்தையும் இழந்தவர்கள் எந்தப் பகிடிக்குச் சிரிப்பார்கள்?

பாட்டு மைதானத்தைத் தாங்கும். பகிடி தாங்காது.

ஒலி 100 மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 0.3 செக்கன் பிடிக்கும். பின்வரிசைச் சிரிப்பு மேடையை எட்டுவதற்குள் கலைஞர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். டிவியில் இந்தத் தடுமாற்றங்களை எடிட்டிங் மறைத்துவிடுகிறது.

கரவெட்டியில் பிறந்த நடிகர் கே.எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைட்’ தனிநடிப்பை எண்ணிப் பாருங்கள். பஸ் கொண்டக்டராக நின்று, கண்ணுக்குத் தெரியாத பயணிகளோடு அசல் யாழ்ப்பாணப் பேச்சில் அவர் மல்லுக்கட்டினார். நட்சத்திரப் பட்டாளம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பேச்சின் ஒவ்வொரு இழுப்பும் காதில் விழுந்தால் போதும்.

முற்றவெளிக்குப் பக்கத்திலேயே வீரசிங்கம் மண்டபம் இருக்கிறது. நகைச்சுவையை மட்டுமாவது ஏற்பாட்டாளர்கள் அங்கே இரண்டு காட்சியாக நடத்தலாம்.