ஹைட்ரஜன் மாநாடுகள் பெருகுகின்றன: கடை ஜெனரேட்டரை மாற்றும் காலம் வந்துவிட்டதா?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததையும், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் விழுப்புரம், திண்டிவனம் வணிகர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் ஃப்ரீசரில் இருந்த தயிர், வெண்ணெய், ஐஸ்கிரீம் எல்லாம் என்ன ஆயின என்பதும் தெரிந்ததே. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள்.

அதிலிருந்து உறுப்பினர்கள் பலர் நம்மிடம் கேட்பது ஒன்றுதான். "டெல்லியில் ஹைட்ரஜனுக்கு ஆண்டுதோறும் பெரிய மாநாடு போடுகிறார்களாமே, புகையும் சத்தமும் இல்லாத ஜெனரேட்டர் வரப்போகிறதாமே, இப்போது டீசல் ஜெனரேட்டர் வாங்கினால் ஏமாந்து விடுவோமா?" நியாயமான கேள்வி. முதல் போடுகிறவன் கேட்கத்தான் செய்வான்.

ஃபியூயல் செல் என்பது என்ன?

தமிழில் எரிபொருள் மின்கலம் என்கிறார்கள். பேர்தான் எரிபொருள், உள்ளே எதுவும் எரிவதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயுவையும், மறு பக்கம் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் விட்டால், நடுவில் உள்ள மெல்லிய தகட்டின் வழியாக இரண்டும் சேர்ந்து மின்சாரமும் வெப்பமும் தண்ணீரும் தருகின்றன. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும். இதற்கு வாயு கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும். 1839இல் வில்லியம் குரோவ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி செய்து காட்டியது இது. 1960களில் அமெரிக்க விண்கலங்களில் பயன்பட்டது. பூமியில் கடை வைத்திருப்பவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மாநாடு வளர்ந்த கதை

1976இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு தொடங்கியது. குரோவ் செய்து காட்டி 150 ஆண்டு நிறைந்த 1989இல் லண்டனில் அவர் பெயரிலேயே ஒரு கூட்டம் ஆரம்பமானது. இவை பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை வாசித்துக் கலையும் கூட்டங்கள். 1995இல் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்கண்காட்சியில் ஹைட்ரஜனுக்கும் மின்கலத்துக்கும் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். 2005இல் டோக்கியோவில் இதற்கெனத் தனிக் கண்காட்சியே தொடங்கிற்று. அதாவது மேடை போய் ஸ்டால் வந்தது, கட்டுரை வாசித்த இடத்தில் விலைப்பட்டியல் வந்தது.

நம் நாட்டில் 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி இலக்கு. அதே ஆண்டு ஜூலையில் டெல்லி விஞ்ஞான் பவனில் முதல் சர்வதேச மாநாடு. அடுத்தது 2024 செப்டம்பரில் பாரத் மண்டபத்தில். மூன்றாவது 2025 நவம்பரில்.

ஒரு சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை, அதற்காகக் கூடுகிறவர்கள் யார் என்று பார்த்தே நாம் கணித்துவிடலாம். முதலில் வாத்தியார்கள் கூடுவார்கள். பிறகு இயந்திரம் செய்கிறவர்கள், வாயு விற்கிறவர்கள், கடன் கொடுக்கிற பேங்க்காரர்கள் வருவார்கள். கடைசியில்தான் ரிப்பேர் செய்கிற மெக்கானிக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவரும் வருவார்கள். அவர்கள் வந்த பிறகுதான் அது நம் கடைக்கு உகந்த சரக்கு. டெல்லியில் இப்போது பேசப்படுவதெல்லாம் உரம், எஃகு, பெட்ரோல் சுத்திகரிப்பு, கப்பல் போன்ற பெரிய கொள்முதல்காரர்களைப் பற்றித்தான்.

கூட்டம் பெருத்தால் வியாபாரமும் பெருத்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. 1999இல் டைம்லர் கிரைஸ்லர் கம்பெனி ஒரு மின்கலக் காரைக் காட்டி, 2004இல் விற்பனைக்கு வரும் என்றது. மின்கலம் செய்யும் கனடாவின் பாலர்டு கம்பெனிப் பங்கு 2000இல் உச்சிக்கு ஏறிச் சரிந்தது. 2004 வந்தது, நம் ஊர் ஷோரூமில் அந்தக் காரைப் பார்த்தவர் எவரும் இல்லை.

அதற்காக எல்லாம் வெறும் பேச்சு என்றும் தள்ளிவிட முடியாது. ஜப்பானில் 2009 முதல் வீட்டுக்கான மின்கலங்களை விற்கிறார்கள்; லட்சக்கணக்கில் போயிருக்கின்றன. அங்கே குழாயில் வரும் எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துக்கொள்கிறார்கள், அதே சூட்டில் வெந்நீரும் கிடைக்கிறது. அமெரிக்காவில் வால்மார்ட் போன்றவர்களின் மளிகைக் கிடங்குகளில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் இதில் ஓடுகின்றன. வாயு நிரப்பச் சில நிமிடம் போதும் என்பதால் பேட்டரி சார்ஜுக்காக வண்டி நிற்க வேண்டியதில்லை. நம் பக்கத்திலும் 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். ஆனால் கிடங்கும் ரயிலும் வாயுவை ஒரே இடத்தில் வைத்து நிரப்பிக்கொள்ளும். தெருவுக்குத் தெரு இருக்கும் மளிகைக் கடைக்கு அந்த வசதி ஏது?

கோணி கனமான சரக்கு

இனி நம் கணக்குக்கு வருவோம். ஒரு ஃப்ரீசர், ஒரு ஃப்ரிட்ஜ், விளக்கு, மின்விசிறி, எடை மெஷின் உள்ள கடைக்குச் சராசரியாக அரை கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 12 யூனிட், மூன்று நாள் மின்தடைக்கு 36 யூனிட். சிறிய டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் தந்தால் 12 முதல் 15 லிட்டர் வேண்டும். ஒரு கேனில் அடங்கிவிடும்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் மின்கலத்தில் ஏறக்குறைய 16 யூனிட் தரும். எனவே இரண்டேகால் கிலோ போதும். கேட்பதற்கு மலிவாகத் தோன்றும். ஆனால் அது உலகத்திலேயே மிக லேசான வாயு. ஒரு கிலோ ஹைட்ரஜனைச் சாதாரண நிலையில் விட்டால் 11 கன மீட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். ஆகவே அழுத்தித்தான் அடைக்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் நிற்கிறதே ஆள் உயர இரும்பு சிலிண்டர், அதில் 150 பார் அழுத்தத்தில் அடைத்தாலும் அரை கிலோவுக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். வெறும் சிலிண்டரே 50 கிலோவுக்கு மேல். வீட்டுச் சமையல் சிலிண்டரில் 15, 16 கிலோ இரும்பு 14.2 கிலோ வாயுவைச் சுமக்கிறது. இங்கே 50 கிலோ இரும்பு அரை கிலோவைச் சுமக்கிறது. அரை கிலோ ஏலக்காயை 50 கிலோ கோணியில் கட்டி அனுப்பினால் லாரி வாடகைக்கு என்ன ஆகும்? மூன்று நாளைக்கு இப்படி நான்கைந்து சிலிண்டர் கடைக்குள் நிற்க வேண்டும். அழுத்த வாயு என்பதால் மத்திய அரசின் பெசோ அமைப்பின் விதிகளும் கூடவே வரும்.

யாராவது வந்தால்

மாநாட்டின் பெயரைச் சொல்லி ஏஜென்சி தருகிறேன், டெபாசிட் கட்டுங்கள் என்று யாரேனும் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வாயுவை எந்த ஊரில் நிரப்புவது? பெசோ அனுமதி யார் பெயரில் இருக்கிறது? பழுதானால் விழுப்புரத்துக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? தண்ணீர் ஊற்றினால் ஓடும் என்று சொல்பவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கச் செலவாகும் மின்சாரம், அது திருப்பித் தருவதைவிட அதிகம். 1996இல் தமிழ்நாட்டையே கலக்கிய மூலிகை பெட்ரோல் விவகாரத்தில் 2016இல் நீதிமன்றம் தண்டனை விதித்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆக, ஜெனரேட்டர் தேவைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். இருப்பதைப் பராமரித்து, மழைக்காலத்துக்கு முன் டீசலை மாற்றி, வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 2 அன்று அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் தென்பெண்ணை வெள்ளம் புரண்டு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களையும் நிறுத்தினார்கள். அன்றைக்கு நம்மிடம் மின்கலமே இருந்திருந்தாலும், சிலிண்டர் லாரி எந்த வழியாக வந்திருக்கும்?