டாஸ் லேப்டாப் என்றால் லினக்ஸ் லேப்டாப்பா?

கடைகளில் ஒரே மாடல் லேப்டாப்பை இரண்டு விலையில் வைத்திருப்பார்கள். விண்டோஸ் போட்டது ஒரு விலை, டாஸ் போட்டது சில ஆயிரம் குறைவு. லினக்ஸ் போடப்போகிறேன் என்று சொன்னால் பலரும் டாஸ் மாடலைத்தான் கைகாட்டுவார்கள்: விண்டோஸுக்குக் கட்டும் காசு மிச்சம், லினக்ஸும் தகராறில்லாமல் ஏறிவிடும் என்பது கணக்கு. காசு மிச்சம் என்பது சரி. மற்றதற்கு ஆதாரமே இல்லை. அப்படி வரும் டாஸ் பெரும்பாலும் ஃப்ரீடாஸ் என்ற எளிய இயங்குதளம். 1994இல் தொடங்கியது, அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். ஆனால் திரையில் எழுத்தைக் காட்டவும் கீபோர்டில் தட்டுவதை வாங்கவும் முடிந்தால் அதற்குப் போதும். வைஃபை, ப்ளூடூத், கேமரா, மூடியை மூடினால் உறங்குவது என எதையும் அது சோதித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பெட்டியில் டாஸ் வந்தது, உற்பத்தியாளர் விண்டோஸ் உரிமத்துக்குப் பணம் கட்டவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

லினக்ஸ் சுகமாக ஓடுமா என்பது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்புக்கும் நாம் போடப்போகும் கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், டிரைவர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பிராண்டும் விலையும் அதற்குப் பிறகுதான். பெரும்பாலானோர் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் வைஃபை. 2021இல் விற்பனைக்கு வந்த ஏஎம்டி லேப்டாப்கள் பலவற்றில் ரியல்டெக் 8852ஏஇ என்ற வைஃபை சிப் இருந்தது. அதற்கான டிரைவர் கெர்னலுக்குள் சேர்ந்தது 5.16இல், அதாவது 2022 ஜனவரியில். இடையில் 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11 என்ற லினக்ஸ் விநியோகத்தின் கெர்னலோ 5.10. புது லேப்டாப், புது டெபியன், ஆனால் வைஃபை இல்லை! இதில் லேப்டாப்பிலும் பழுதில்லை, டெபியனிலும் பழுதில்லை. இரண்டும் சந்தித்த நேரம்தான் சரியில்லை. இன்டெல் தன் வைஃபை சிப்களுக்கான டிரைவரைத் தானே எழுதி, பெரும்பாலும் விற்பனைக்கு முன்பே கெர்னலில் சேர்த்துவிடுகிறது. பழைய மேக்புக்குகளில் இருந்த பிராட்காம் சிப்களில் பலவற்றுக்கு மூடிய டிரைவரைத் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. ‘இந்தக் கம்பெனி லேப்டாப் லினக்ஸுக்கு நல்லது’ என்ற பேச்சும் இதனால்தான் பாதி உண்மையாக நின்றுவிடுகிறது. ஒரே மாடல் பெயரில் வரும் இன்டெல் பதிப்பில் ஒரு வைஃபை கார்டும், ஏஎம்டி பதிப்பில் வேறொரு கார்டும் இருக்கலாம். மூடியில் உள்ள முத்திரை இதைக் காட்டாது.

லினக்ஸ் பழைய லேப்டாப்புக்குத்தான் லாயக்கு என்பார்கள்; இல்லை, எது புதிதோ அதை வாங்கினால் கவலையில்லை என்பார்கள். சிப்பையும் கெர்னலையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் நிற்காது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறை ப்ராசஸர்களும் அதற்கு முந்தியவையும், சில விதிவிலக்குகள் போக, விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. அந்த லேப்டாப்களில் லினக்ஸ் நன்றாக ஓடுவதற்குக் காரணம் அது ‘லேசானது’ என்பதல்ல, அந்தச் சிப்களுக்கான டிரைவர்கள் பல ஆண்டுகள் திருத்தம் கண்டு பழகிவிட்டன என்பதே. 4 ஜிபி ராமில் பிரவுசரைத் திறந்தால் லினக்ஸும் திணறத்தான் செய்யும். புத்தம் புது சிப் வேண்டுமானால் ஃபெடோரா போல அடிக்கடி கெர்னலைப் புதுப்பிக்கும் விநியோகத்தைப் போடலாம். டெபியன்தான் வேண்டும் என்பவர் ஓரிரு வயதான மாடலை வாங்குவது புத்திசாலித்தனம், விலையும் குறைவு.

விண்டோஸில் இந்தத் தலைவலியெல்லாம் இல்லையே என்று கேட்கலாம். உண்டு; தொழிற்சாலையில் யாரோ நமக்காகப் பட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். பதினோராம் தலைமுறை முதலான பல இன்டெல் லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் போட முயன்றால் எஸ்எஸ்டியே கண்ணில் படாது. இன்டெலின் சேமிப்பக டிரைவரைத் தனியாக ஊட்ட வேண்டும். ஆக, பொருத்திப் பார்க்கும் வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். டெல் 2012இலேயே எக்ஸ்பிஎஸ் 13ஐ உபுண்டுவோடு விற்றது. திங்க்பேட்களை லினக்ஸுக்குச் சான்றளிக்கப் போவதாக லெனோவோ 2020இல் அறிவித்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தின் மாணவர் லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இங்கெல்லாம் அந்தச் சோதனை விற்பவர் தலையில் விழுந்தது. டாஸ் மாடல் வாங்குபவருக்கு அது தன் தலையில்.

சாதாரண ஆள் சிப்பையெல்லாம் பார்த்து வாங்க முடியுமா என்றால், முடியும். கடையில் டெமோவுக்கு வைத்திருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர் பகுதியைப் பார்த்தால் வைஃபை கார்டின் பெயர் முழுதாக இருக்கும். மாடலின் முழு எண்ணை உபுண்டுவின் சான்றிதழ் பட்டியலில் தேடலாம். பென் டிரைவில் லைவ் லினக்ஸ் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்கலாம்; பழைய லேப்டாப் விற்பவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஆனால் திரை வந்துவிட்டது என்று திருப்தியடைந்து கிளம்பிவிடக் கூடாது. வைஃபையில் இணைத்து, பாட்டு ஒன்றைப் போட்டு, கேமராவைத் திறந்து, மூடியை மூடிச் சில நிமிடம் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 எனப்படும் பழைய ஆழ்ந்த உறக்க முறையை எடுத்துவிட்டதால் பைக்குள்ளேயே பேட்டரி காலியாகும் புகார் விண்டோஸ்காரர்களிடமும் உண்டு. என்விடியா சிப் இருந்தால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். 2022இல் அந்நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக்கிவிட்டது, மேலே உள்ள கிராஃபிக்ஸ் மென்பொருளோ இன்னும் மூடியே கிடக்கிறது. கேம், வீடியோ எடிட்டிங், ஏஐ வேலை எதுவும் இல்லாதவர் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது தேவையில்லாதது.

ஏற்கெனவே வாங்கி, வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், முதலில் புதிய கெர்னலைப் போட்டுப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் பல மாடல்களில் கார்டையே மாற்றிவிடலாம்: அடிமூடியைக் கழற்றினால் ஒற்றைத் திருகில் நிற்கும் சிறு பலகை, இரண்டு ஆன்டெனா வயர். போர்டோடு பற்றவைத்திருக்கிறார்களா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஎம்டி லேப்டாப்புக்கு இன்டெல் கார்டு வாங்குபவர்கள் ஏஎக்ஸ்210 என்று கேட்டு வாங்குங்கள். ஏஎக்ஸ்211 அச்சாக அதே போலத்தான் இருக்கும், அதே இடத்தில் பொருந்தவும் செய்யும். ஆனால் இன்டெல் ப்ராசஸர் இல்லாமல் அது வேலை செய்யாது.